கட்டைவிரல் எட்டாவிட்டால் எங்கே பார்ப்பது?

சென்ற இதழில், பொது மயக்கத்தின்போது தசைகளைத் தளர்த்தும் மருந்தைப் பற்றியும், அதன் பிடி எவ்வளவு இருக்கிறது என்பதை நோயாளியின் கட்டைவிரலில் பார்ப்பதைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து வாசகர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

குடியாத்தம் வாசகி: அம்மாவுக்கு லேப்பராஸ்கோப்பில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வார்டுக்கு வந்ததும் பார்த்தால் காதுக்கு முன்னாலும் கண்ணோரத்திலும் வட்டமாகச் சிவந்த தடம். கேட்டதற்கு, "தசையை டெஸ்ட் பண்ண கரண்ட் வைத்தோம்" என்றார்கள். வயிற்று ஆபரேஷனுக்கு முகத்தில் எதற்கு டாக்டர் கரண்ட்? அம்மா பீடி சுற்றுகிறவர். முகம் கோணிவிடுமோ, கை நடுங்குமோ என்று பயந்துபோயிருக்கிறார்.

முகமும் கோணாது, கையும் நடுங்காது. அம்மாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள். அந்தத் தடம் ஒட்டுப் பட்டையின் பசையால் வந்தது, தானே மறைந்துவிடும். கரண்ட் என்றதும் வீட்டு மின்சாரம்தான் நினைவுக்கு வரும். இது பேட்டரியில் ஓடும் கையடக்கக் கருவி. ஒவ்வொரு மின்துடிப்பும் ஒரு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் நீடிக்கும். நரம்பைத் தட்டி எழுப்புமே தவிர, அதற்குக் கெடுதல் செய்யாது.

வழக்கமாக இதை மணிக்கட்டில்தான் வைப்போம். சுண்டுவிரல் பக்கமாக அல்நார் நரம்பு ஓடுகிறது. அதன் மேல் இரண்டு ஒட்டுகளை ஒட்டி, இரண்டு நொடிக்குள் நான்கு மின்துடிப்புகள் கொடுப்போம். நோயாளியின் உள்ளங்கையை என் கையில் ஏந்திக்கொண்டால், கட்டைவிரல் சுண்டுவிரலை நோக்கி நான்கு முறை சாய்வது தெரியும். மருந்து முழுப் பிடியில் இருந்தால் ஒன்றுகூட வராது. பிடி தளர ஆரம்பித்ததும் முதல் சாய்வு வரும், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. நான்கும் வந்த பிறகும் முதலாவது நன்றாக இருக்கும், நான்காவது சோர்ந்து இருக்கும். நான்காவதன் பலம் முதலாவதில் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. பத்தில் ஒன்பது பங்காவது, அதாவது 0.9 வந்தால்தான் தொண்டையில் போட்ட டியூப்பை எடுக்கலாம்.

அம்மாவுக்கு நடந்த ஆபரேஷனில் இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்துத் துணியில் சுற்றிவிடுவார்கள். மேஜையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துவார்கள். சர்ஜன் இருபுறமும் நிற்க வேண்டும், கேமரா பிடிப்பவர் நிற்க வேண்டும், கைக்கு அங்கே இடமே கிடையாது. மயக்க மருத்துவர் இருப்பது தலைமாட்டில். அவர் கைக்கு எட்டுவது நோயாளியின் முகம்தான். காதுக்கு முன்னால் முக நரம்பு தோலுக்கு அருகிலேயே வருகிறது. அதைத் தூண்டினால் கண்ணிமையும் புருவமும் துடிக்கும். அதனால்தான் முகத்தில் வைத்தார்கள், அது தவறில்லை. நெற்றியில் குறுக்காக நீளமான பட்டையும் ஒட்டியிருந்தால் அது வேறு சமாச்சாரம், மயக்கத்தின் ஆழத்தைப் பார்க்கும் கருவி.

ஆனால் முகத்தை மட்டும் பார்த்து டியூப்பை எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று அடுத்த கேள்விக்கான பதிலில் சொல்கிறேன், அதையும் படித்துவிடுங்கள்.

வேலூர் மாணவர் ஒருவர்: மேடம், நான் அனஸ்தீசியா டெக்னாலஜி படிக்கிறேன். இரண்டு கையும் துணிக்குள் போய்விட்ட கேஸில் ஒரு மேடம் கால் பெருவிரலில் பார்க்கச் சொல்கிறார். இன்னொரு சார், "புருவமே போதும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, இரண்டு பேருமே அனுபவத்தில்தான் பேசுகிறார்கள். எந்த நேரத்தில், எந்தத் தசைக்காகப் பார்க்கிறாய் என்பதை முதலில் முடிவு செய்துகொள்.

உடம்பின் எல்லாத் தசைகளும் இந்த மருந்துக்கு ஒரே மாதிரி அடங்குவதில்லை, ஒரே நேரத்தில் மீள்வதும் இல்லை. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் குரல்நாண் தசைகளும் முரட்டுத் தசைகள். அவற்றை அடக்க மருந்து அதிகம் வேண்டும், சீக்கிரமாகவும் மீண்டுவிடும். புருவத்தைச் சுருக்கும் தசை கிட்டத்தட்ட அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. கட்டைவிரலைச் சாய்க்கும் தசை மெதுவாகத்தான் மீளும். விழுங்குவதற்கும் மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பதற்கும் உதவும் தொண்டைத் தசைகள் சிறிதளவு மருந்து மிச்சமிருந்தாலும் தடுமாறும்.

இதை மனதில் வைத்துப் பார். டியூப் போடும் நேரத்தில் குரல்நாண் தளர்ந்துவிட்டதா என்று தெரிய வேண்டும். அதற்குப் புருவம் நல்ல சாட்சி. வயிற்றுக்குள் வேலை நடக்கும்போது உதரவிதானம் எக்கிவிடக் கூடாது. அதற்கும் புருவம் சரி. ஆனால் எல்லாம் முடிந்து டியூப்பை எடுக்கும் நேரத்தில் அதே புருவத்தை நம்பினால், விடியற்காலையில் பாட்டி எழுந்து அடுப்படி விளக்கைப் போட்டதைப் பார்த்துவிட்டு வீடே எழுந்துவிட்டது என்று நினைத்த கதையாகிவிடும். புருவம் நான்கு முறை நன்றாகத் துடிக்கும். தொண்டை இன்னும் அரைத் தூக்கத்தில் இருக்கும். நோயாளி மூச்சு விடுவார், ஆனால் எச்சிலை விழுங்க முடியாது. நாக்கு பின்னால் சரியும்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் நர்சிங் ஹோம் என்பது வேண்டாம். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து ரெகவரிக்கு வந்த ஒரு பெண்மணியைப் பார்க்கச் சொல்லி அவசரமாகக் கூப்பிட்டார்கள். கண் திறந்திருக்கிறது, எல்லாம் புரிகிறது. பேச முயல்கிறார், சத்தம் வரவில்லை. கடைவாயில் எச்சில் வழிகிறது. ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. தியேட்டரில் புருவத் துடிப்பைப் பார்த்துவிட்டு டியூப்பை எடுத்திருக்கிறார்கள். மணிக்கட்டில் ஒட்டு வைத்துப் பார்த்தேன். நான்காவது சாய்வு விரலில் உணரவே முடியாத அளவுக்குச் சோர்ந்திருந்தது. மாஸ்க் வைத்து மூச்சுக்கு உதவி, லேசாகத் தூங்க வைத்து, மருந்து முழுக்க இறங்கும்வரை கூடவே இருந்தோம். நன்றாகப் பிழைத்தார். ஆனால் முழு நினைவோடு உடம்பை அசைக்க முடியாமல் கிடந்த அந்த நேரத்தை அவர் மறக்கப் போவதில்லை. எனக்கும் அவர் கண்கள் மறக்கவில்லை.

2012-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு இதையே எண்ணில் காட்டியது. கண்ணைச் சுற்றியுள்ள தசையில் பார்த்து மருந்தைக் கையாண்ட நோயாளிகளில் 52 சதவீதம் பேருக்கு ரெகவரிக்கு வந்தபோதும் தளர்வு மிச்சமிருந்தது. கட்டைவிரலில் பார்த்தவர்களில் 22 சதவீதம். அதுவும் குறைவில்லைதான், ஆனாலும் முன்னதில் பாதிக்கும் கீழே. 2023-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், அளந்து எண் காட்டும் கருவியைக் கட்டைவிரல் தசையில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது, கண் பக்கத்துத் தசைகளை நம்ப வேண்டாம் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. அதே ஆண்டு வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலுக்கும் கட்டைவிரல்தான்.

முகத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒட்டு தசையின் மேலேயே உட்கார்ந்துவிட்டால், கரண்ட் நரம்பின் வழியாகப் போகாமல் தசையை நேரடியாக உலுக்கும். மருந்து முழுப் பிடியில் இருந்தாலும் துடிப்பு தெரியும். அதனால் முகத்தில் 20 முதல் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாதே. மணிக்கட்டில் வைக்கும் 50, 60-ஐ அங்கே வைக்கக் கூடாது. துடிப்பது புருவமா, இமையா, கன்னமா என்றும் உற்றுப் பார். இமையை மூடும் தசையும் புருவத்தைச் சுருக்கும் தசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் குணம் வேறு வேறு. வெறும் கண்ணால் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

கால் பெருவிரலுக்கு வருவோம். கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் விரலை வைத்தால் நாடி தட்டும். அதையொட்டித்தான் பின் டிபியல் நரம்பு போகிறது. கறுப்பு ஒட்டை அங்கே வை, மற்றதை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே வை. பெருவிரல் கீழ்நோக்கி மடங்கும். கை கிடைக்காத கேஸில் எனக்கு முகத்தைவிடக் கால்தான் பிடிக்கும். ஏனென்றால் அதன் மீட்சி கட்டைவிரலை ஒட்டியே போகும். மருந்து ஏறுவது சற்றுத் தாமதமாகத் தெரியலாம், இறங்குவது கொஞ்சம் முன்னதாகத் தெரியலாம், அவ்வளவுதான். ஆனால் பாதம் சில்லிட்டிருந்தால் துடிப்பு பொய் சொல்லும். தோலின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாமல் மூடி வை. நம் தியேட்டர் ஏசியில் வெறும் கால் எவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று உனக்கே தெரியும். கெண்டைக்காலை அமுக்கும் காற்றுப் பட்டை மாட்டியிருந்தால் அசைவைப் படிப்பது கஷ்டம். பல வருட சர்க்கரை நோயாளியாக இருந்து பாதம் மரத்துப்போயிருந்தால், மருந்து கொடுப்பதற்கு முன்பே அங்கே துடிப்பு மந்தமாக இருக்கும்.

தசையின் அசைவுக்குப் பதிலாக அதன் மின்னோட்டத்தையே அளக்கும் கருவி உங்கள் தியேட்டரில் இருந்தால் இந்தக் குழப்பமே வேண்டாம். கட்டைவிரல் அசைய இடம் வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. துணி சுற்றுவதற்கு முன்பே கையில் ஒட்டிவிட்டால், உள்ளே இருந்தபடியே எண்ணைச் சொல்லும். அது இல்லாத இடத்தில் நான் செய்வது இதுதான்: ஆபரேஷன் நேரத்தில் காலிலோ முகத்திலோ பார்ப்பேன். தையல் போட ஆரம்பித்ததும் ஒரு கையைத் துணியிலிருந்து விடுவிக்கச் சொல்லி, ஒட்டுகளை மணிக்கட்டுக்கு மாற்றிவிடுவேன். தளர்வை முறிக்கும் நியோஸ்டிக்மின் ஊசியை எப்போது கொடுப்பது, டியூப் எப்போது எடுப்பது என்பதையெல்லாம் கட்டைவிரலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். அதற்கு ஆகும் நேரத்தை எந்த சர்ஜனும் எனக்கு மறுத்ததில்லை. உனக்கும் மறுக்கமாட்டார்கள், கேள்.

இன்னொன்று. "தலையைத் தூக்குகிறார், கையை இறுக்கிப் பிடிக்கிறார், போதும்" என்று சொல்வார்கள். தளர்வு கணிசமாக மிச்சமிருக்கும்போதே ஐந்து நொடி தலையைத் தூக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான்காவது சாய்வு முதலாவதில் 0.4 பங்கைத் தாண்டிவிட்டால், தொட்டுப் பார்த்து வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சரி. 0.4-க்கும் 0.9-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கருவியின் எண்தான் காட்டும்.

வாலாஜாபேட்டை வாசகர்: அப்பாவுக்கு எழுபது வயது. இளம் வயதில் தொழுநோய் வந்து கரிகிரி மருத்துவமனையில் குணமானவர். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருக்கும், பாதத்தில் உணர்ச்சி குறைவு. இப்போது பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். கை நரம்பு கெட்டவருக்குக் கட்டைவிரலில் எப்படிப் பார்ப்பார்கள்?

நீங்கள் கேட்டிருப்பதை ஒரு மயக்க மருத்துவர் கட்டாயம் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் மாவட்டத்தில் இன்னும் அதிகமாகவே கேட்க வேண்டும். வட ஆர்க்காட்டில் ஒரு காலத்தில் இந்த நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தக் கற்றுக்கொடுத்ததும், 1955-ல் கரிகிரியில் மருத்துவமனை தொடங்கியதும் அதனால்தான். அப்போது குணமான பலர் இன்று வயதான காலத்தில் பித்தப்பைக்கும் புராஸ்டேட்டுக்கும் ஆபரேஷனுக்கு வருகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பகுதிகள்தான் பிடிக்கும். அதனால் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளை அது தேடிப் பிடிக்கிறது: முழங்கைக்குப் பின்னால் அல்நார், கணுக்காலுக்குப் பின்னால் டிபியல், கன்ன எலும்பின் மேல் முக நரம்பின் கிளை. தோலுக்கு அருகில் இருப்பதால்தான் நாங்களும் அதே நரம்புகளைத் தேர்ந்தெடுத்து ஒட்டு வைக்கிறோம். மணிக்கட்டு வேண்டாம் என்று காலுக்கோ முகத்துக்கோ போனால் அங்கேயும் அதே நோய் கை வைத்திருக்கலாம். மாற்று இடம் மாற்று இடமாகவே இல்லாமல் போய்விடும்.

நரம்பு கெட்ட இடத்தில் துடிப்பு வரவில்லை என்றால், மருந்து ஆழமாக இருக்கிறது என்று தவறாக நினைத்துவிடுவோம். அரைகுறையாக வந்தால் இன்னும் குழப்பம். ஆகவே அப்பா விழித்திருக்கும்போதே பரிசோதனை ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்ப்பேன். கட்டைவிரலின் நுனிக் கணு மடங்காமல், விரல் நேராக இருந்தபடியே தாளை இறுக்கிப் பிடித்தால், நாங்கள் அளக்கும் அதே தசை உயிரோடு இருக்கிறது. மடங்கினால் வேறு தசை கடன் கொடுக்கிறது. அப்புறம் கண்ணை இறுக மூடச் சொல்வேன், புருவத்தைச் சுருக்கச் சொல்வேன், கால் பெருவிரலைக் கீழே மடக்கச் சொல்வேன். நீங்கள் எழுதியதிலிருந்து வலது கைதான் பாதிப்பு என்று தெரிகிறது. இடது கை நன்றாக இருந்தால் அதுவே போதும், அந்தக் கையைத் துணிக்குள் சுற்றாமல் விடச் சொல்லிவிடலாம். தூங்க வைத்த பிறகு, தசை தளர்த்தி கொடுப்பதற்கு முன், அந்த இடத்தில் துடிப்பு எவ்வளவு என்று ஒரு முறை பதிவு செய்துகொள்வார்கள். அந்த முதல் பதிவு இல்லாமல் இவர் மாதிரி நோயாளியில் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை.

எந்த இடமும் சரியில்லை என்றால் என்ன செய்வது? ரோக்குரோனியம் என்ற தசை தளர்த்தியைக் கொடுத்து, முடிவில் அதை முறிக்கும் சுகமாடெக்ஸ் போடலாம். அது மருந்தின் மூலக்கூறையே பிடித்துக் கட்டிப்போடும். விலை அதிகம்தான், ஆனால் இப்படிப்பட்டவருக்குச் செலவு செய்யலாம். அட்ராகூரியம் என்ற இன்னொரு தளர்த்திக்கு அது பலிக்காது. டியூப்பை அவசரப்பட்டு எடுக்காமல் வென்டிலேட்டரில் சற்று நேரம் கூடுதலாக வைத்திருப்பதும் வழிதான்.

அப்பாவுக்குக் கையில் தசைநாண் மாற்று ஆபரேஷன் நடந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். கண்ணிமை முழுதாக மூடாது என்றால் அதையும் சொல்லுங்கள், மயக்கத்தில் கண்ணைப் பாதுகாக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத பாதத்துக்கு அடியில் பஞ்சு வைக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் அது மிக முக்கியம். பழைய நோயைச் சொல்லக் கூசி மறைக்கிறவர்கள் உண்டு. அப்பா கூசினால் அவர் சார்பில் நீங்கள் சொல்லுங்கள்.

ஆற்காடு வாசகி: பாட்டிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் பலவீனம். அவருக்கு எந்தப் பக்கம் வைப்பார்கள்?

நல்ல பக்கத்தில்தான். செயலிழந்த பக்கத்தில் தசை இந்த மருந்தை எதிர்த்து நிற்கும். அங்கே துடிப்பு நன்றாகத் தெரியும், உடம்பின் மற்ற தசைகள் இன்னும் தளர்ந்தே கிடக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கூடவே, சக்சினில்கோலின் என்ற தசை தளர்த்தி இவருக்குப் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றலாம். பக்கவாதம் எப்போது வந்தது என்ற தேதியைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆரணி வாசகர்: அண்ணனுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிந்து பல மணி நேரம் மூச்சு வரவில்லை, வென்டிலேட்டரில் வைத்தார்கள். "ஊசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று மட்டும் சொன்னார்கள். எனக்கும் இப்போது ஆபரேஷன். நான் என்ன செய்ய வேண்டும்?

அண்ணனுக்குக் கொடுத்தது சக்சினில்கோலினாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். சில நிமிடங்களில் கரைய வேண்டிய மருந்து அது. அதைக் கரைக்கும் சூடோகொலினெஸ்டரேஸ் என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே மிகக் குறைவு. அவர்களுக்கு அது மணிக்கணக்கில் நீடிக்கும். வைசிய சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதற்கான மரபணு மாற்றத்தையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் எந்தச் சமூகத்திலும் வரலாம். அண்ணனுக்கு இருந்தால் உங்களுக்கும் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

இது நோய் இல்லை. அன்றாட வாழ்க்கையில் எந்தத் தொந்தரவும் தராது. சக்சினில்கோலின், அதே நொதியால் கரையும் மிவாகூரியம் இரண்டையும் தவிர்த்துவிட்டால் போதும். ரோக்குரோனியமோ அட்ராகூரியமோ தாராளமாகக் கொடுக்கலாம், அவை இந்த நொதியை நம்பி இல்லை. அண்ணனுக்கு அன்று கையிலோ காலிலோ முகத்திலோ எங்கே ஒட்டு வைத்துப் பார்த்திருந்தாலும், தசை இன்னும் கட்டுண்டு கிடப்பது தெரிந்திருக்கும். குடும்பத்தாரும் காரணம் தெரியாமல் தவித்திருக்க வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன்பே ரத்தத்தில் சூடோகொலினெஸ்டரேஸ் அளவைப் பார்த்துவிடுங்கள். பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களுக்கு எடுக்கும் அதே டெஸ்ட்தான், நம் பக்கத்துப் பெரிய லேப்களில் செய்கிறார்கள். அண்ணனும் எடுத்துக்கொள்ளட்டும். மயக்க மருத்துவர் உங்களைப் பரிசோதிக்கும் நாளில் அந்த ரிசல்ட்டோடு அண்ணனின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு போங்கள். அன்று என்ன ஊசி போட்டார்கள் என்று அதில் எழுதவில்லை என்றால், அந்த மருத்துவமனையில் மயக்கப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.